மேனேஜருக்கு சுகர்: பிஸ்கட் தூள்

போன வாரம் கஞ்சியக்காவைப் பால்கனி வாசலில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். அவள் இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள். எதிரே மருமகள். இரண்டு பேருக்கும் நடுவில் தரையில், பூனையின் கிண்ணத்தை ஒட்டி, ஒரு சிட்டிகை பிஸ்கட் தூள்.

"அத்தை, இதுக்கு என்ன சொல்லப்போறீங்க?"

கேட்ட குரல் இருக்கிறதே, அது பரீட்சை ஹாலில் பிட் அடித்தவனைக் கையும் களவுமாகப் பிடித்த குரல். மருமகள் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வந்தாலும் அந்தக் குரலை மட்டும் கழற்றி ஆணியில் மாட்டுவதில்லை.

புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கஞ்சியக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. கடைத்தெருவில் சலவைக்கடை வைத்திருக்கிறாள். அவள் கஞ்சி போட்டுக் கொடுத்த சட்டை ஆள் இல்லாமலே எழுந்து நிற்கும். அவள் கழுத்தும் அப்படித்தான், யாருக்கும் வளையாது. அதனால் வந்த பெயர்.

மேனேஜர் என்பது அவளுடைய பூனை. குட்டியாக வந்த முதல் நாளே இஸ்திரி மேசை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, வேலை செய்கிறவர்களை ஒவ்வொருவராக முறைத்துப் பார்த்தது. அன்றைக்கே பதவி கொடுத்துவிட்டார்கள்.

அந்த மேனேஜர் கொஞ்ச நாளாகத் துணிக்குத் தெளிக்க வைத்த தண்ணீரையெல்லாம் குடித்துத் தீர்த்தது. மணல் தட்டை எத்தனை தடவை மாற்றினாலும் நனைத்தது. வேளை தவறாமல் தின்றும் முதுகெலும்பு தெரிய இளைத்தது. பூனை டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு சுகர்" என்றார். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. ஊசி நேரத்துக்கு டப்பாவில் வரும் ஈர உணவு. மொறுமொறுவென்று கடிக்கிற உருண்டைத் தீனிக்குத் தடை. இப்படியே ஒழுங்காக நடந்தால் மெதுவாகக் கட்டுக்குள் வரும் என்று சொல்லி அனுப்பினார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. சர்க்கரைதான் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. காதோரத்தில் குத்தி ஒரு பொட்டு ரத்தம் எடுத்து எப்போது பார்த்தாலும் நானூறைத் தாண்டியே நின்றது. யாரோ திருட்டுத்தனமாகத் தீனி போடுகிறார்கள் என்று வீடு முடிவு கட்டியது. யார் என்று கேட்க வேண்டுமா? தெருவில் போகிற வருகிற பூனைக்கெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் போடுகிற கை அந்த வீட்டில் ஒன்றுதானே இருக்கிறது.

"நான் போடலை," என்றாள் கஞ்சியக்கா.

"அப்போ பிஸ்கட்டு தானா நடந்து வந்துச்சா?"

"நடந்து வந்துச்சோ பறந்து வந்துச்சோ, எனக்கென்ன தெரியும்? நான் போடலைன்னா போடலை."

"பூந்தொட்டிக்குப் பின்னாடி பாக்கெட் பேப்பர் செருகி வச்சிருக்கு, அத்தை. அதுவும் கிரீம் பிஸ்கட். சுகர் இருக்கிற ஜீவனுக்கு கிரீம் பிஸ்கட்! பாசம் இருக்க வேண்டியதுதான், அதுக்காக இப்படியா?"

கஞ்சியக்காவுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. திட்டினால்கூடப் பொறுத்துக்கொள்வாள். பாசத்தில் தப்புப் பண்ணிவிட்டாள் என்று மன்னித்துப் பேசினால் எப்படிப் பொறுப்பது? பண்ணாத தப்புக்கு மன்னிப்பு வேறு ஒரு கேடா?

கூடத்தில் உட்கார்ந்திருந்த புருஷன் பக்கம் திரும்பினாள். அவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே இன்னும் டைம்கீப்பர் என்றுதான் கூப்பிடுகிறது. அவருக்கும் சுகர் உண்டு, பழைய சுகர். தினமும் இரண்டு வேளை தானே ஊசி போட்டுக்கொள்கிறவர். பூனைக்கு ஊசி என்று டாக்டர் சொன்னபோது, குத்துவதை நினைத்தே கஞ்சியக்காவுக்குக் கை நடுங்கிவிட்டது. "எனக்குத் தெரியாத சுகரா, எனக்குத் தெரியாத ஊசியா? நான் பாத்துக்கறேன், நீ தள்ளு" என்று அவர்தான் முன்வந்தார். பாட்டிலைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கையில் உருட்டணும் என்று வீட்டுக்கே பாடம் நடத்தினார். பஸ்ஸை விசில் ஊதி அனுப்புகிற மாதிரி, அந்த நேரம் என்றால் அந்த நேரம். பூனையும் அவரும் பால்கனிக்குப் போவார்கள். கூட்டம் கூடினால் அது மிரளும் என்று கதவைச் சாத்திக்கொள்வார்.

"என்னங்க, நீங்களே சொல்லுங்க. காலையில ஊசி போடப் போனப்ப பிஸ்கட் ஏதாவது கிடந்துச்சா? நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேனா?"

அவர் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"உங்களைத்தாங்க!"

"காலையிலேயே ஆரம்பிச்சுட்டீங்களா ரெண்டு பேரும்? மனுஷன் நிம்மதியா நாலு வரி படிக்க முடியல இந்த வீட்டுல!"

சுள்ளென்று விழுந்தார். பேப்பரை மடித்துப் போட்டுவிட்டு எழுந்தவர், நாற்காலி முதுகை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சட்டை முதுகில் ஒட்டும்படி வேர்த்திருந்தது. பிறகு படுக்கையறைக்குள் போய்விட்டார்.

கஞ்சியக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஊரில் எவன் வேண்டுமானாலும் பழி போடட்டும். கூடவே குடித்தனம் நடத்துகிற மனுஷன், 'இவ அப்படிச் செய்ய மாட்டா' என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

"நான் சின்னவகிட்ட பேசிட்டேன், அத்தை," என்றாள் மருமகள். சின்னவள் என்றால் கஞ்சியக்காவின் மகள், அடுத்த தெருவைத் தாண்டிக் குடியிருக்கிறவள். "சாயங்காலம் கூடையோட வர்றா. மேனேஜர் கொஞ்ச நாள் அங்கே இருக்கட்டும். அங்கே யாரும் எதுவும் போட மாட்டாங்க. இல்லேன்னா இந்தப் பூனையை நாமளே கொன்னுடுவோம்."

"நாமளேன்னு ஏன் இழுக்கிற? நீங்கதான்னு நேரா சொல்லு."

 

கஞ்சியக்கா துடைப்பத்தை எடுத்து அந்தத் தூளைக் கூட்டினாள். கூட்டும்போது கிண்ணத்துக்கு அடியிலிருந்து ஒரு குட்டி ஆரஞ்சு மூடி உருண்டு வந்தது. ஊசி மூடி. பூனை விழுங்கித் தொலைத்தால் அதற்கும் அவள்தான் காரணம் என்பார்கள். எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். நிமிர்ந்தாள்.

"இந்தா, கேட்டுக்கோ. இன்னிக்கு முழுக்க மேனேஜர் என்கூட கடையில இருக்கும். காலைச் சாப்பாட்டை நீயே உன் கையால வச்சுட்டே. ஊசியும் போட்டாச்சு. இனிமே அது வாயில தண்ணியைத் தவிர ஒண்ணும் போகாது. நடுவுல நானே காதுல குத்திப் பார்க்கிறேன். சர்க்கரை இறங்கியிருந்தா, எந்தத் திருடனோ இந்த வீட்டுக்குள்ளதான் இருக்கான்னு அர்த்தம், பூனை என்கூடத்தான் இருக்கும். இறங்கலைன்னா சின்னவ கூடையைத் திறக்கட்டும், நானே தூக்கி உள்ளே வைக்கிறேன்."

"நிஜமா உள்ள நம்பரைச் சொல்வீங்களா, அத்தை?"

அந்தக் கேள்வியைக் கஞ்சியக்கா ஏழு ஜென்மத்துக்கும் மறக்கப்போவதில்லை. மேனேஜரைத் தூக்கிக் கூடையில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

*

கடையில் அன்றைக்கு ஒருத்தருக்கும் நல்ல நேரமில்லை.

இஸ்திரி போடுகிற அண்ணன் பெட்டியைச் சூடாக்குவதற்குள் இரண்டு தடவை திட்டு வாங்கினார். புடவையைக் கொண்டுவந்த ஒரு வாடிக்கைக்காரி, "ஐயோ, மேனேஜர் இளைச்சுப் போச்சே, ஒரு வாய் பால் ஊத்தக்கூடாதா?" என்று பரிவாகக் கேட்டுவிட்டாள். அவ்வளவுதான்.

"ஊத்துங்க! நல்லா ஊத்துங்க! ஊத்திட்டு நீங்க வீட்டுக்குப் போயிடுவீங்க, பேர் என் தலையில விழும்!"

அந்த அம்மா புடவையைப் போட்டுவிட்டு ரசீதுகூட வாங்காமல் ஓடினாள்.

மேனேஜருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. யாரும் வாங்க வராத விரிப்புகளின் அடுக்கின் மேல் படுத்துக்கொண்டு, பழையபடி எல்லாரையும் முறைத்தது. முன்பெல்லாம் மேசைக்கு ஒரே தாவாகத் தாவும். இப்போது பின்னங்கால் வலுவில்லாமல், முதலில் நாற்காலி, அப்புறம் மரப்பெட்டி, அப்புறம் மேசை என்று படிப்படியாக ஏறுகிறது. அதைப் பார்த்துவிட்டுக் கஞ்சியக்கா கோபத்துக்கு நடுவே எழுந்து போய் அதன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நம்மைத் திட்டட்டும், பரவாயில்லை. இந்த வாயில்லாத ஜீவன் என்ன பாவம் செய்தது?

மத்தியானம் ஆள் நடமாட்டம் குறைந்தது. காதுமடலைக் கையால் தேய்த்துச் சூடாக்கி, ஓரத்தில் மெல்லக் குத்தினாள். ஊசி என்றதுமே கை நடுங்கியவளா என்று கேட்காதீர்கள். மானம் போகிற இடத்தில் கை தானாக நின்றுவிடும். ஒரு பொட்டு ரத்தத்தை, கையோடு கொண்டுவந்திருந்த சர்க்கரைக் கருவியில் வைத்தாள். கருவி கொஞ்சம் யோசித்துவிட்டு நம்பரைக் காட்டியது.

நானூற்று இருபது.

கஞ்சியக்கா கருவியை மேசையில் வைத்தாள். எடுத்து மறுபடியும் பார்த்தாள். அது மாறவில்லை.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. ஒரு பருக்கைகூட உள்ளே போகவில்லை. இருந்தும் சர்க்கரை மலை உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. சாயங்காலம் போய் இந்த நம்பரைச் சொன்னால் பூனை போய்விடும். பேரும் போய்விடும். வேறு நம்பரைச் சொன்னால் என்ன? கேட்க யார் இருக்கிறார்கள்?

சொல்ல மாட்டாள். 'நிஜமா உள்ள நம்பரைச் சொல்வீங்களா' என்று கேட்டாளே, அதற்காகவே உள்ளதைத்தான் சொல்வாள்.

ஆனால் யோசிக்க யோசிக்க ஒன்று புரிந்தது. தின்னாமலே ஏறுகிறது என்றால் குற்றம் தீனியில் இல்லை. தீனியில் இல்லை என்றால் மருந்தில்தானே இருக்க வேண்டும்? பூனை ஆஸ்பத்திரிக்குப் போனைப் போட்டாள்.

எடுத்தவள் வரவேற்பறைப் பெண். "சர்க்கரை குறையலையா? டாக்டர் இன்னிக்கு டோஸ் ஏத்தச் சொல்லியிருக்காங்க, அக்கா. சாயங்காலத்திலேருந்து கூடுதலாப் போடச் சொல்லுங்க."

"ஏத்தறதா? எதுக்கு ஏன்னு கேட்காமலே ஏத்திடுவீங்களா? டாக்டரைக் கூப்பிடுங்க."

"டாக்டர் பிஸி..."

"நானும் பிஸிதாம்மா. கூப்பிடுங்க!"

கடைத்தெருவே திரும்பிப் பார்க்கிற குரலுக்கு டாக்டர் வந்தார். நிதானமான பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒவ்வொன்றாக விசாரித்தார். மருந்து ஃப்ரிட்ஜில்தானே இருக்கிறது? குலுக்காமல் உருட்டுகிறாரா? தோலைத் தூக்கிப் பிடித்துத்தானே போடுகிறார்?

"எல்லாம் சரியாத்தான் செய்வாரு, டாக்டர். ஒரு நிமிஷம் அப்படி இப்படிப் போகாது. அவருக்கே சுகர், அவரே தனக்குப் போட்டுக்கிறவரு."

"அப்படியா?" டாக்டர் குரல் சட்டென்று மாறியது. "பூனைக்கு நாங்க குடுத்த ஊசியிலதானே போடுறாரு? சிவப்பு மூடி போட்டது."

சிவப்பா? கஞ்சியக்கா கைப்பைக்குள் துழாவினாள். காலையில் பொறுக்கிய மூடி கையில் தட்டுப்பட்டது.

"என்கிட்ட இருக்கிறது ஆரஞ்சு மூடி, டாக்டர்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "அது அவரோட ஊசி, அக்கா. அது கொஞ்சம் மெலிசா இருக்கும். பூனைக்கு வலிக்கக் கூடாதுன்னு பாவம் பார்த்து அதுல போட்டிருப்பாரு. ஆனா அது தப்பு. அவர் மருந்து அடர்த்தியானது, பூனை மருந்து நீர்த்தது. ஊசியில இருக்கிற கோடு அந்தந்த மருந்தை அளக்கப் போட்டது. சிவப்பு ஊசியில ரெண்டு கோடுன்னா ரெண்டு யூனிட். பூனை மருந்தை ஆரஞ்சு ஊசியில அதே ரெண்டு கோட்டுக்குப் பிடிச்சா, பாதிகூட உள்ளே போகாது."

கஞ்சியக்காவுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்? கடையில் இரண்டு வகை வெளுப்பு மருந்து இருக்கிறது. ஒன்று கெட்டி, ஒன்று தண்ணி. ஒன்றின் மூடியால் மற்றதை அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கல்யாண வீட்டுப் பட்டு வேட்டியையே பலி கொடுத்தவள் அவள்.

"அடக் கடவுளே! இந்த பாட்டில் மூடியால அந்த பாட்டிலை அளந்திருக்காரு!"

"அதேதான். நல்லவேளை போன் பண்ணினீங்க. டோஸை ஏத்திவிட்டு, யாராவது சரியான ஊசியில போட்டிருந்தா, சர்க்கரை ஒரேயடியா விழுந்து பூனை மயங்கியிருக்கும். டோஸை ஏத்த வேண்டாம். பழைய அளவே, சிவப்பு ஊசியில போடுங்க. விழுந்தா என்ன செய்யணும்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

"தேன் வாங்கி வச்சிருக்கேன். கன்னத்துக்குள்ள, ஈறுல தடவணும். மடமடன்னு ஊத்தக்கூடாது."

"அதேதான். தள்ளாடும், நடுங்கும், கண்டதைத் தின்னப் பார்க்கும். மனுஷங்கன்னா வேர்த்துக் கொட்டும், எரிஞ்சு விழுவாங்க. பூனைகிட்ட அது வெளியே தெரியாது, அதனால நடையைப் பாருங்க." பிறகு கேட்டார். "நாங்க குடுத்த சிவப்பு ஊசி டப்பா அப்படியே இருக்கில்ல?"

"இருக்கும் டாக்டர், எங்கே போகும்?"

போனை வைத்தாள். வைத்தவள் மேனேஜரை இரண்டு கையாலும் தூக்கி, "நாம போடலடா! நாம ஒண்ணுமே பண்ணல!" என்று அதன் நெற்றியில் முட்டினாள். மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அப்புறம் வந்தது பாருங்கள் கோபம்! காலையில் வந்ததெல்லாம் கோபமே இல்லை.

தப்பு அவருடையது. திட்டு இவளுக்கு. எனக்குத் தெரியாத ஊசியா என்று மார் தட்டினாரே! மருமகள் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டபோது, பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாரே! இன்றைக்கு இருக்கிறது அவருக்கு.

*

சாயங்காலம் சீக்கிரமே கடையைச் சாத்திவிட்டு, மேனேஜரைக் கூடையோடு தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வழி நெடுக வாய் அசைந்துகொண்டே வந்தது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

'டைம்கீப்பர் சார், கொஞ்சம் இப்படி வர்றீங்களா' என்று தொடங்குவதா? இல்லை, அது ரொம்ப மரியாதை. 'ஏங்க, ஊரு பஸ்ஸையெல்லாம் அளந்து அனுப்பினீங்களே, ஒரு ஊசியை அளக்கத் தெரியலையா?' ஆமாம், இதுதான் சரி. மருமகளுக்குத் தனியாக ஒன்று வைத்திருந்தாள். 'டீச்சரம்மா, விடைத்தாளைப் பார்க்காமலே முட்டை போடறதுதான் உங்க ஸ்கூல் வழக்கமா?' அதைச் சொல்லிப் பார்த்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. மாடிப்படி ஏறும்போது மூட்டு வலிகூடத் தெரியவில்லை.

கூடத்தில் மருமகளும் சின்னவளும் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் காலடியில் மூடி திறந்த கூடை தயாராக இருந்தது.

"நம்பர் என்ன, அத்தை?"

"நானூற்று இருபது."

மருமகள் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள், "அம்மா, கோச்சுக்காதம்மா, உன் நல்லதுக்குத்தான்..." என்று ஆரம்பித்தாள்.

"உக்காருடி. ரெண்டு பேரும் உக்காருங்க. இன்னிக்கு நான் பேசப்போறேன், நீங்க கேட்கப்போறீங்க." ஆரஞ்சு மூடியை எடுத்து மேசை நடுவில் டக்கென்று வைத்தாள். "இது என்ன? சொல்லுங்க. இது டைம்கீப்பர் சாரோட ஊசி மூடி. பூனைக்கு இதுலதான் போட்டிருக்காரு. பாதி மருந்துகூட உள்ளே போகல. ஆஸ்பத்திரியில கேட்டாச்சு. டாக்டரே சொன்னாங்க. அது தின்னு ஏறல, தீனியும் நான் போடல!"

மருமகள் மூடியைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள். முகத்தில் டீச்சர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தாள். "மாமாவா? ஏன் அப்படிச் செஞ்சாரு?"

"மெலிசா இருக்காம். பூனைக்கு வலிக்காதாம். இவரு பாசக்காரரு, நான் பாவி! இருங்க, இன்னும் இருக்கு. டாக்டர் குடுத்த ஊசி டப்பா பிரிக்காம அப்படியே கிடக்கும், அதையும் கண்ணால பாருங்க."

ஃப்ரிட்ஜ் மேலிருந்த டப்பாவை எடுத்தாள். எடுத்த கைக்கே தெரிந்தது. கனமில்லை. திறந்தாள். ஒரு வரிசை காலி.

"இதுல குறையுதே," என்றாள் சின்னவள்.

பக்கத்திலேயே புருஷனுடைய ஊசி டப்பா இருந்தது. அதில் மெல்லிய ஆரஞ்சு ஊசிகள் அடியில் கொஞ்சமே மிச்சமிருந்தன. பூனைக்கும் தனக்குமாக எடுத்தால் தீராமல் என்ன செய்யும்? அந்த மிச்சத்தை ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, மேலே ஒரு துண்டுக் காகிதம் சொருகியிருந்தார். டிப்போ எழுத்தில் ஒரே வார்த்தை: 'மேனேஜர்'.

கஞ்சியக்கா அந்தக் கட்டைப் பார்த்தாள். சிவப்பு டப்பாவைப் பார்த்தாள். மெலிசானதைப் பூனைக்கு ஒதுக்கிவிட்டார். எதையும் வீணாக்கத் தெரியாத மனுஷன். அப்படியானால் தடித்த சிவப்பு ஊசி யாருக்கு?

அவர் மருந்து அடர்த்தியானது என்று டாக்டர் சொன்னார். தண்ணி மருந்தை அளக்கிற மூடியால் கெட்டி மருந்தை அளந்தால்? பாதி இல்லை. இரண்டு பங்குக்கும் மேலே உள்ளே போகும்.

மின்விசிறிக்கு அடியில் நனைந்த சட்டை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒருநாளும் எரிந்து விழாதவர் எரிந்து விழுந்தது. பூந்தொட்டிக்குப் பின்னால் செருகிய கிரீம் பிஸ்கட் பேப்பர். பேயாய்ப் பசித்திருக்கிறது, தின்றிருக்கிறார். சுகர்க்காரன் பிஸ்கட் தின்றதைச் சொல்ல வெட்கப்பட்டு, பழியை அவள் தலையில் விழ விட்டிருக்கிறார்.

"அவர் எங்கே?"

"பால்கனியிலதான், அத்தை. அப்பவே ஊசி போட்டுக்கப் போனாரு. இன்னும்..." மருமகள் சொல்லி முடிக்கவில்லை.

டப்பா கீழே விழுந்து ஊசிகள் சிதறின. கஞ்சியக்கா ஓடினாள். சாத்தியிருந்த கதவைத் தள்ளித் திறந்தாள்.

டைம்கீப்பர் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை ஒரு பக்கம் தொங்கியது. சட்டை பிழிந்து போட்ட துணி மாதிரி நனைந்திருந்தது. பக்கத்தில் சிவப்பு மூடி. கையில் ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட். ஓரத்தை நகத்தால் பிராண்டியிருந்தார், பல்லாலும் கடித்திருந்தார். அவரால் அதைப் பிரிக்க முடியவில்லை.

"என்னங்க! என்னங்க, இங்க பாருங்க!"

கண் பாதி திறந்தது. எங்கேயோ பார்த்தது.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடு!" என்று கத்தினாள். மருமகள் ஏற்கெனவே போனில் இருந்தாள். முகவரி சொல்கிற குரல் தடுமாறியது. அந்தக் குரலை இந்த வீடு கேட்டதே இல்லை. "சின்னவளே, தேன்! பூனை மருந்துக்குப் பக்கத்துல தேன் பாட்டில் இருக்கு, ஓடு!"

சின்னவள் பாட்டிலோடு வந்தாள். கஞ்சியக்கா அவர் தலையைத் தன் தோளில் தாங்கி, ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தாள். விரலில் தேனைத் தொட்டு, கன்னத்தின் உட்பக்கம் ஈறோரமாகத் தடவினாள். மடமடவென்று ஊற்றக் கூடாது. தடவினாள். காத்திருந்தாள். மறுபடியும் தடவினாள். பூனைக்காக மனப்பாடம் பண்ணியது.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட இப்போது ஞாபகத்தில் இல்லை.

"அத்தை..." மருமகள் பக்கத்தில் மண்டி போட்டாள். கண் கலங்கியிருந்தது. "நான் காலையில..."

"அதெல்லாம் அப்புறம். கீழே போய் வண்டிக்கு வழி காட்டு. சண்டை எங்கேயும் ஓடிப்போயிடாது, நான் மறக்க மாட்டேன்."

மருமகள் படியில் தடதடவென்று இறங்கினாள். மேனேஜர் கூடையிலிருந்து இறங்கி மெதுவாக வந்து, அவருடைய நீட்டிய காலடியில் உட்கார்ந்து, அவர் முகத்தையே முறைத்துப் பார்த்தது. மாலை ஊசி நேரம் ஆகியிருந்தது. அதற்கு அது தெரியும்.

டைம்கீப்பரின் உதடு அசைந்தது. கண் இன்னும் கொஞ்சம் திறந்து, தன்னைத் தாங்கிப் பிடித்திருக்கிற முகத்தின் மேல் வந்து நின்றது. ரொம்ப நேரம் பார்த்தார். அவர் கண்ணில் அடையாளம் கண்ட சாயலே தெரியவில்லை.

"நீங்க... யாரும்மா?"

கஞ்சியக்காவின் விரல் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு மறுபடியும் தேனைத் தொட்டது.

"நானா? பூனைக்கு பிஸ்கட் போட்டவ," என்றாள். குரல் உடைந்துவிட்டது. "வாயைத் திறங்க."